அரக்கு முத்திரைக்குள் மாறிய தாலி

விசாலமும் அவள் கணவர் கந்தசாமியும் குடையை மடக்கியபடி வாசலில் வந்து நின்றபோது, பத்ரிநாத் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். 1999 ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புனேயின் வானவடியில் நாலு நாளாக விடாத மழை. சோபாவில் ராம்பிரசாத் உட்கார்ந்து, பத்ரிநாத் வீட்டுப் பேப்பரைத் தன் வீட்டுப் பேப்பர் மாதிரி நாலாக மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நண்பர்கள் இருவருக்கும் ஒரே வயது, ஐம்பது. ராம்பிரசாத்துக்கு டெலிபோன் இலாகாவில் வேலை. எங்கே எது காணாமல் போனாலும் திருடனைத் தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று துடிக்கிற ஆசாமி. இதுவரை ஒரு திருடனையும் சரியாகச் சொன்னதில்லை. அதற்காக மனம் தளர்ந்ததும் இல்லை. பத்ரிநாத்துக்கு ஊரிலுள்ள ஒரு கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை. டைப் அடித்து வந்த நகலை அசலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அதையே செய்ததில், எது எதோடு ஒத்துப்போகவில்லை என்பது அவர் கண்ணுக்குத் தானாகத் தட்டுப்படும். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

விசாலம் உட்காரவில்லை. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும் கிடந்தன. நடந்ததை அவள் சொன்ன வரிசை முன்னும் பின்னுமாக இருந்தது. நான் நேராக்கிச் சொல்கிறேன்.

1991-ல் காய்கறி வாங்கப் போனபோது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அவள் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் ஆள் பிடிபட்டான். சங்கிலியை விற்றுத் தின்றிருந்தான். தாலி மட்டும் கிடைத்தது. வழக்கு நடந்தது. 1993 நவம்பரில் விசாலம், பத்ரிநாத் வேலை பார்க்கிற அதே கோர்ட்டில் சாட்சி சொன்னாள். தாலியைக் கையில் கொடுத்தார்கள். தன்னுடையதுதான் என்று அடையாளம் காட்டினாள். பிறகு அது கோர்ட்டின் வழக்குச் சொத்து அறைக்குப் போயிற்று. போன மாதம்தான் தீர்ப்பு முடிந்து, பொருளைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று காலை போனார்கள். துணிப் பொட்டலத்தை அவர்கள் எதிரிலேயே அரக்கு உடைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது வேறு தாலி.

"எங்களுக்குப் பிள்ளையார் தாலி அண்ணாச்சி. அதுல நாமமும் சங்கு சக்கரமும் இருக்கு" என்றாள் விசாலம்.

தங்கத்தை உரசிப் பார்க்க வரவழைத்திருந்த தட்டான், அது அசல் தங்கம்தான் என்று சொல்லிவிட்டான். நாசர் கரந்தீகர், அதாவது கோர்ட்டின் சொத்துகளுக்கும் சம்மன்களுக்கும் பொறுப்பான அதிகாரி, எல்லார் முன்னாலும் சொத்து அறை குமாஸ்தா பாபட்டைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். எழுத்தில் புகார் கொடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஆளைப் போலீசில் ஒப்படைக்கிறேன் என்றாராம். புகார் வேண்டாமென்றால் இதையே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம், தங்கத்துக்குத் தங்கம் சரியாகிவிட்டது என்றும் ஒரு யோசனை சொன்னாராம்.

ராம்பிரசாத் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எட்டு வருஷத்தில் புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டார். விசாலம் அவர் பக்கம் திரும்பினாள்.

"புதுசு எத்தனை வேணும்னாலும் செய்யலாம். எம் மூத்தவன் ஜம்புலிங்கம், பல்லு மொளைக்கிற நேரத்துல அந்தத் தாலியத்தான் கடிச்சுக்கிட்டே கெடப்பான். பிள்ளையாருக்குக் கீழ ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு. ரெண்டு வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிட்டான். ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கல. அவன் இருந்தான்ங்கிறதுக்கு எங்கிட்ட அந்தத் தடம் ஒண்ணுதான் இருக்கு."

ராம்பிரசாத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கந்தசாமி மழையைப் பார்த்தபடி நின்றார். ராணுவ ஸ்டோர்ஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார்.

பத்ரிநாத் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாட்சி சொன்ன நாளில் என்ன நடந்தது, நினைவிருக்கிற வரைக்கும் சொல்லச் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை என்றாள் விசாலம். அவளுக்குக் காய்கறிக் கடை இந்திதான் வரும். ஆகவே தமிழில் சொன்னாள், ஏதோ மிலிட்டரி ஆபீசிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதை மராத்தியில் சொன்னார். மத்தியானம் வரை பெஞ்சில் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், கொண்டுவந்த இட்லியில் பாதி கொடுத்தாள். அவ்வளவுதான்.

"புகார் எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்கோ. ரெண்டு நாள் பொறுங்கோ" என்றார் பத்ரிநாத்.

மறுநாள் ராம்பிரசாத் லீவு போட்டுவிட்டு, பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் பத்ரிநாத்தை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

இப்போது அந்தக் கோர்ட்டுக்குள் போனால் வரிசை எண் எரிகிற பலகையும் கம்ப்யூட்டருமாக இருக்கிறது. வழக்கு எண்ணைத் தட்டினால் ஜாதகமே வருகிறது. நல்லதுதான், யார் வேண்டாமென்றார்கள். ஆனால் அன்று அந்த வளாகத்துக்கு ஒரு சத்தம் உண்டு. மரத்தடியில் தார்ப்பாலினுக்குக் கீழே முப்பது டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் பேசும். உள்ளே போனால் துணியில் கட்டிய கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். மழை நாளில் அந்தத் துணிகளும் பசையும் அரக்கும் சேர்ந்து ஒரு வாசனை வரும். பதிவேட்டுக் குமாஸ்தாவிலிருந்து ப்யூன் வரை, எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்பதை மண்டையில்தான் வைத்திருந்தார்கள். அந்த மண்டைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுப் போய்விட்டன. ராம்பிரசாத்துக்கு இன்றைக்கும் புது அரக்கு வாசனை எங்காவது வந்தால் அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்துவிடும்.

சொத்து அறையில் பாபட் இரவெல்லாம் தூங்காத கண்களோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. பேரேட்டைத் திறந்து காட்டினார்: தென்னிந்திய மங்களசூத்திரம், தங்கம், ஒன்று. உடைத்த அரக்குத் துண்டுகளையும் ஒரு காகிதத்தில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். பத்ரிநாத் அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். கோர்ட் முத்திரை, 1993-ல் குத்தியது. பிரித்து மறுபடி ஒட்டின அடையாளம் இல்லை. தாலியோடு கட்டியிருந்த சின்ன அட்டையில் 'பொருள் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. வழக்கு எண் பொட்டலத்தின் மேல் துணியில்தான் இருந்தது. தாலியின் மேல் திருமண்ணும் சங்கும் சக்கரமும் தெளிவாக இருந்தன.

வெளியே வந்ததும் ராம்பிரசாத் தாங்க மாட்டாமல் ஆரம்பித்துவிட்டார். பாபட் பெண்ணுக்குப் போன வருஷம் கல்யாணமாம், டீக்கடையில் விசாரித்துவிட்டாராம். அப்புறம் என்ன யோசனை, பழைய முத்திரையை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு அரக்கைப் புதிதாகக் குத்திவிட்டான் என்றார்.

பத்ரிநாத் நடந்துகொண்டே கேட்டார். "தங்கத்தை எடுக்கறவன் பித்தளையை வைப்பான். இன்னொரு தங்கத்தை வைப்பானா? அதுவும் புனேயில பாபட் மாதிரி ஒருத்தர், திருமண் வெச்ச தாலிக்கு எங்கே போவார்? இவா ஊர்ல மங்களசூத்திரம்னா கறுப்பு மணியும், கிண்ணி மாதிரி ரெண்டு குட்டித் தங்கமும். நம்ம தாலியை இவாள்ல பாதிப் பேர் தாலின்னே ஒத்துக்க மாட்டா."

ராம்பிரசாத்தின் துப்பு அங்கேயே நின்றுவிட்டது. நகல் பிரிவுக்குப் போகிற வழியில் அறிவிப்புப் பலகை இருந்தது. பொழுது போகாமல் அதை வாய்விட்டுப் படித்தார். யாரும் கேட்டு வராத பழைய வழக்குச் சொத்துகளின் பட்டியல். மூக்குத்தி ஒன்று, மோதிரம் இரண்டு, உடைந்த வளையல், பதக்கம் தங்கம் ஒன்று, இப்படி இருபத்துமூன்று உருப்படி. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியில் வைத்து மூடி, உருக்குவதற்காக மும்பையிலுள்ள அரசு நாணயசாலைக்கு அனுப்பப்படும் என்று கீழே கரந்தீகரின் கையெழுத்து. பத்ரிநாத் நின்று அதை இரண்டு முறை படித்தார். அவர் எதையும் இரண்டு முறை படிக்கிற ஆசாமிதான் என்பதால் ராம்பிரசாத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நகல் பிரிவில் விசாலத்தின் பழைய சாட்சியம் கிடைத்தது. தலைப்பில், சாட்சி தமிழில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் மூலம் பதிவானது என்று இருந்தது. கீழே தேதி, நவம்பர் பதினாறு. பத்ரிநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராமு, எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. விசாலத்தம்மா வீட்டுக்குப் போய், அன்னிக்கு இட்லி குடுத்த பொண்ணோட கழுத்துல என்ன இருந்ததுன்னு கேட்டுண்டு வா."

இந்த மழையில் வானவடிவரை ஸ்கூட்டரை விரட்டிப்போய் ஒரு பெண் கழுத்தில் என்ன போட்டிருந்தாள் என்று கேட்பதா என்று ராம்பிரசாத் முனகினார். ஆனாலும் போனார். விசாலம் யோசிக்கவே இல்லை. அவளும் மஞ்சள் கயிறுதான் கட்டியிருந்தாள், தன்னைப் போலவே என்றாள். ஏதோ ராணுவ அதிகாரி பெண்டாட்டி, பெயர் ப்ரியம்வதா. திரும்பி வரும்போது பாதி வழியில், சிக்னலில் நிற்கையில், ராம்பிரசாத்துக்கு அந்த மஞ்சள் கயிற்றின் அர்த்தம் சட்டென்று பிடிபட்டது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடிவிடலாமா என்று கூடத் தோன்றிற்று.

வியாழன் காலை பத்தரை மணிக்கு நாசர் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேஜை நடுவில் மரப்பெட்டி. அதில் இருபத்துமூன்று துணிப் பொட்டலங்கள். ஒரு ஓரத்தில் அரக்கு உருக்க ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரந்தீகர் நாற்காலியில், பாபட் சுவரில் சாய்ந்தபடி. விசாலமும் கந்தசாமியும் பெஞ்சில். பெட்டியை மூட அரைமணிதான் இருந்தது. ராம்பிரசாத் கடிகாரத்தையும் பத்ரிநாத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மனிதர் அவசரப்படுகிற மாதிரியே தெரியவில்லை.

பத்ரிநாத் மராத்தியில் பேசினார். முதலில் கரந்தீகரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். 1993-ல் மராத்தி தெரியாத தமிழ்ச் சாட்சிகள் வந்தால் என்ன செய்வார்கள்?

கரந்தீகருக்கு அது பிடித்தமான விஷயம். அப்போது அவர் அந்தக் கோர்ட் ஹாலிலேயே பெஞ்ச் குமாஸ்தா. மொழிபெயர்க்க ராணுவக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஒரு தமிழர் வரவேண்டும். அவர் லேசில் கிடைக்க மாட்டார். அதனால் தானாகவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்ததாகப் பெருமையாகச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் குறித்து, எந்த வழக்கானாலும் மதராஸிச் சாட்சி என்றால் அந்த நாளுக்கே தள்ளிவிடுவாராம். ஆள் ஒரே தடவை வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகலாம். பழைய மாஜிஸ்திரேட் இதற்காகத் தன்னைப் பாராட்டியிருக்கிறார் என்றும் சொன்னார்.

"ரொம்ப நல்ல ஏற்பாடு சாகேப்" என்றார் பத்ரிநாத், மனப்பூர்வமாகவே. பிறகு ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். அது மொழிபெயர்ப்பாளருக்குக் கோர்ட் கொடுத்த வருகைச் சான்றின் அடிக்கட்டை. நாசர் ஆபீஸ் கட்டிலிருந்தே புதன்கிழமை சாயங்காலம் தேடி எடுத்தது. நவம்பர் பதினாறு. ஒரே நாள், இரண்டு வழக்கு எண்கள்.

"ஒண்ணு இந்த அம்மாவோடது. இன்னொண்ணு ப்ரியம்வதான்னு ஒருத்தரோடது. அவரும் தாலியைப் பறிகொடுத்தவர்தான். அன்னிக்குக் கழுத்துல மஞ்சக் கயிறோட வந்திருக்கார். அந்த வழக்கோட சாட்சியத்தையும் எடுத்துப் பாத்தேன். போலீஸ் ஸ்டேஷன் வேற. அந்த ஸ்டேஷன்காரருக்கு அது தாலின்னு தெரியல. கறுப்பு மணி இல்லையே, அதனால பதக்கம்னு எழுதிட்டார்."

கரந்தீகர் சீட்டைக் கையில் எடுத்தார்.

"அன்னிக்கு ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சிருக்கா. ரெண்டு அம்மாவும் அவா அவா தாலியை அடையாளம் காட்டியாச்சு. ரெண்டு வழக்குலயும் அதுதான் முதல் பொருள், அதனால ரெண்டு அட்டையிலயும் பொருள் ஒண்ணுன்னுதான் இருக்கும். சாயங்காலம் மேஜையில ரெண்டு குட்டித் தங்கம் பக்கத்துல பக்கத்துல கெடக்கு. கட்டறவர் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாத்திக் கட்டி, நல்ல அரக்கு வெச்சு, சரியான முத்திரை குத்தியிருக்கார். அப்புறம் ஆறு வருஷமா அதை யாரும் தொடவே இல்லை. அதனாலதான் முத்திரை கொஞ்சமும் கெடலை. திருட்டே நடக்கல."

ராம்பிரசாத் பெட்டியைப் பார்த்தார். பட்டியலில் பதினேழாவது உருப்படி, பதக்கம், தங்கம், ஒன்று. ராணுவக் குடும்பத்துக்கு ஊர் மாறிவிட்டது. கோர்ட் அனுப்பிய அறிவிப்புகள் விலாசம் இல்லாமல் திரும்பி வந்திருக்கின்றன. விசாலத்தின் பிள்ளை கடித்த தாலி இன்னும் இருபது நிமிஷத்தில் மூடப்போகிற பெட்டிக்குள் இருந்தது.

கரந்தீகர் பதினேழாவது பொட்டலத்தை எடுத்துத் துணியின் மேல் இருந்த எழுத்தைப் படித்தார். பிறகு பாபட்டிடமிருந்து விசாலத்தின் பொட்டலத் துணியை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கை. அந்தக் கை யாருடையது என்று அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மனிதர் முரட்டுப் பேர்வழிதான்; ஆனால் நழுவப் பார்க்கவில்லை. எழுந்து பாபட்டிடம் போய், நீ உட்கார், உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். பாபட் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கரந்தீகர் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைத் தாள் எடுத்து, மாற்றிக் கட்டியது நானே என்று தொடங்கித் தன் கையாலேயே ஒரு அறிக்கை எழுதினார். பெட்டியோடும் அறிக்கையோடும் எல்லாரையும் மாஜிஸ்திரேட்டின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மாஜிஸ்திரேட் நாற்பது வயதுப் பெண்மணி. அறிக்கையைப் படித்துவிட்டு, விசாலத்துக்கு யார் மேலாவது புகார் உண்டா என்று கேட்டார். பத்ரிநாத் தமிழில் சொன்னார். விசாலம் தலையை ஆட்டினாள். புகார் எதுவுமில்லை, அந்த நாமத் தாலியை மட்டும் உருக்க விடாதீர்கள், அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றாள். மாஜிஸ்திரேட் அப்படியே உத்தரவு போட்டார். கரந்தீகர் ராணுவ அலுவலகங்களுக்கு ஒன்பது கடிதம் எழுதினார்; நாலு மாதம் கழித்து ப்ரியம்வதா அம்பாலாவிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கதை அத்தோடு சரி.

பதினேழாவது பொட்டலத்தைப் பிரித்தார்கள். விசாலம் கையில் வாங்கினாள். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினாள். அப்புறம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

சட்டப்படி அடையாளம் யாராவது வாயால் சொல்லிப் பதிவாக வேண்டும். மாஜிஸ்திரேட் கந்தசாமியைப் பார்த்து, இது உங்கள் மனைவியுடையதுதானா, எப்படித் தெரியும் என்று இந்தியில் கேட்டார். கந்தசாமிக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. காலையிலிருந்து எல்லாரிடமும் இந்தியில்தான் பேசினார். தாலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஜீ, மேடம்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்த பாஷை அவருக்கு வரவில்லை.

"எம் பிள்ளை பல்லும்மா இது" என்றார் தமிழில். "எம் பிள்ளை பல்லு."

மாஜிஸ்திரேட் மொழிபெயர்ப்புக்காகப் பத்ரிநாத்தைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். ராம்பிரசாத் சொல்லலாமா என்று பார்த்தார். பிறகு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் தாலியை வாங்கி, பிள்ளையாருக்குக் கீழே பதிந்திருந்த இரண்டு தடத்தைப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும், புரிந்தது" என்று மராத்தியில் மெல்லச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து உத்தரவை எழுத ஆரம்பித்தார்.